ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வகுப்பறையில்: வடசென்னைப் பெற்றோர், ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

வடசென்னைப் பள்ளிகளில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பேசிப் பழகுவதிலும், சத்தம் போன்றவற்றை உணர்வதிலும் வேறுபாடு காட்டும் ஒரு மூளை வளர்ச்சி நிலை. மருந்து மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் டாக்டரிடமே கேளுங்கள். பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டதற்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

வியாசர்பாடி, இரண்டாம் வகுப்பு ஆசிரியை: ஆட்டிசம் உள்ள ஒரு பையன் நன்றாக உட்கார்ந்திருப்பான், திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். பிடித்தால் கடிக்கிறான். வகுப்பில் 38 பிள்ளைகள். என்ன செய்வது?

டீச்சர், அந்தத் 'திடீரென்று' உண்மைதானா என்று முதலில் பாருங்கள். ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணி, ஓடுவதற்கு முன்னால் என்ன நடந்தது, ஓடினதும் அவனுக்கு என்ன கிடைத்தது. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில் இதே மாதிரி ஒரு பையன் இருந்தான். ரயில் சத்தம்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழுதிப் பார்த்தால் ரயிலுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், பிள்ளைகள் பையிலிருந்து சில்வர் தட்டை எடுத்து பெஞ்சில் தட்டும் நேரத்தில்தான் ஓடுகிறான். தட்டு வெளியே வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஒரு நண்பனோடு கை கழுவ அனுப்பிவிட்டு, வராந்தா ஓரமாக உட்கார வைத்தோம். ஓட்டம் பெரும்பாலும் நின்றது.

அப்புறம், வெளியே போகணும் என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி கொடுங்கள். பழைய காலண்டர் அட்டையில் கதவுப் படம் ஒட்டி அவன் பெஞ்சிலேயே வையுங்கள். அதைத் தொட்டால் உடனே விடணும், பாடம் பாதியில் இருந்தாலும் சரி. யாராவது ஒருவர் கூடப் போகட்டும். முதல் வாரங்களில் அதை ஓயாமல் தொடுவான், தொடட்டும். கடித்தால் வெளியே போகலாம் என்பதை அவன் ஏற்கனவே கற்றுக்கொண்டுவிட்டான், அட்டை அதைவிடச் சீக்கிரம் வேலை செய்தால்தான் கடிப்பதை விடுவான். இது பிடிபட்ட பிறகு "இந்த ஒரு கணக்கு, அப்புறம் வெளியே" என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். அடக்குவதற்கு முன்னால், வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் எந்தப் பிள்ளையோடு வேலை செய்தாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

அன்றைய பாடவேளைகளைப் படமாக வரிசையில் ஒட்டி, முடிந்ததைத் திருப்பி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சின்னக் கட்டளை: "நோட்டு எடு." சொன்னதும் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நாம் அவசரப்பட்டு மறுபடி மறுபடி சொல்வதால்தான் பாதிப் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

காசிமேடு, ஒரு அம்மா: பையனுக்கு 6 வயது, பேச்சு குறைவு. ஸ்பெஷல் ஸ்கூலில் போடுங்கள் என்று பள்ளியில் எழுதிக் கையெழுத்து கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீங்கம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்லும் 21 வகை இயலாமைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, பிள்ளைக்குத் தேவையான வசதியும் செய்து தரவேண்டும் என்று அதன் 16-ஆவது பிரிவு சொல்கிறது. இயலாமை 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, நீங்கள் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, பள்ளியின் வசதி இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளி சொல்வதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பல இடங்களில் பேச்சு மாறிவிடும். உங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் போய்ப் பாருங்கள்.

திருவொற்றியூர், ஒரு தாத்தா: "சாப்பிட்டியா?" என்றால் பேரனும் "சாப்பிட்டியா?" என்கிறான். கிண்டல் பண்ணுகிறான் என்று டீச்சர் வெளியே நிற்க வைக்கிறார்.

கிண்டல் இல்லை ஐயா. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசம் உள்ள நிறையப் பிள்ளைகளிடம் இருக்கும், பேச்சுக்கு அவர்கள் வருகிற பாதை பல நேரம் அதுதான். "தண்ணி வேணுமா?" என்று அவனே வந்து சொன்னால் அவனுக்குத் தாகம் என்று அர்த்தம், ஏனென்றால் தண்ணீர் கைக்கு வரும்போதெல்லாம் அவன் காதில் விழுந்தது அந்த வாக்கியம். அதனால் கேள்வியாகக் கேட்காமல், டம்ளரைக் காட்டி அவன் சொல்ல வேண்டியதையே நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." அவன் சொன்னதும், பாதி சொன்னாலும், கொடுத்துவிடுங்கள். இதை டீச்சரிடமும் சொல்லுங்கள். வெளியே நிற்க வைத்தால், பேசினால் தண்டனை என்றுதான் அவன் புரிந்துகொள்வான்.

எண்ணூர், ஒரு அப்பா: ரெண்டு அடி போட்டால் சரியாகிவிடுவான் என்று பள்ளியில் சொல்கிறார்கள்.

ஆகமாட்டான். பயந்து உட்காருவான், வேறு இடத்தில் வெடிப்பான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது சார். தயங்காமல் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

ராயபுரம்: போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்ததா? ஸ்டெம் செல் (மூல உயிரணு) சிகிச்சை செய்தால் குணமாகுமா?

போன் பார்ப்பதால் வருவதில்லை, தடுப்பூசியாலும் வருவதில்லை, அம்மா வளர்த்த விதத்தாலும் வருவதில்லை. ஸ்டெம் செல் ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. நகையை அடகு வைத்து அதற்குப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்கு உதவும்.

தண்டையார்பேட்டை, ஒரு அம்மா: மகள் ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் கெட்டி. பள்ளியில் அமைதி, வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் அழுகிறாள். போன மாதம்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. பத்தாம் வகுப்பை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பெண் பிள்ளைகளிடம் இப்படித் தாமதமாகத் தெரிவது அதிகம்மா. மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி நடந்துகொள்வார்கள், சத்தம் போடமாட்டார்கள், அதனால் யார் கண்ணிலும் படமாட்டார்கள். நாள் முழுக்கப் பிடித்து வைத்ததைத்தான் வீட்டில் இறக்கி வைக்கிறாள். வந்தவுடன் டியூஷன் வேண்டாம். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு" என்ற விசாரணையும் வேண்டாம். பள்ளியிலும் அவளுக்கு ஒரு கதவு அட்டை தேவை, அவள் வயசுக்கு ஏற்ற மாதிரி: பெஞ்ச் ஓரத்தில் நீலப் பேனாவை வைத்தால் நூலகத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று வகுப்பாசிரியரோடு பேசி வையுங்கள்.

பொதுத்தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்கணும், கடைசி நேரத்தில் ஓடாமல் இந்த வருடமே பேச்சை எடுங்கள். மொழி விலக்கு கிடைக்கிறது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள், அவளைக் கேட்டு முடிவு பண்ணுங்கள். கட்டுரைதான் கஷ்டம் என்றால் குறிப்புகளை வைத்து ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று வரி எழுதப் பழக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். கூடுதல் நேரத்தையும் இப்போதே மாதத் தேர்வுகளில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் அவளுக்குப் பழக்கம் வேண்டும்.