பெடல் கிக் கேப் ஒன்றரை மீட்டரில் நின்றுவிட்டது, மேலே கொண்டுபோவது எப்படி?

கேள்வி: ட்ரையல்ஸ் சைக்கிளில் (கால் ஊன்றாமல் தடைகளைத் தாண்டும் விளையாட்டுக்கான சைக்கிள்) பின்சக்கரத்தில் நின்று, பெடல் கிக் அடித்து, அதாவது பெடலைச் சட்டென்று மிதித்துத் தாவி, மறுபடி பின்சக்கரத்திலேயே இறங்குகிறேன். ஒன்றரை மீட்டர் இடைவெளி (கேப்) வரை வருகிறது. பல மாதங்களாக அதற்கு மேல் ஒரு சாண்கூடக் கூடவில்லை. கால் பலம் போதவில்லையா, இல்லை டெக்னிக்கில் கோளாறா?

பதில்:

ஒன்றரை மீட்டர் வருகிறது என்றால் அடுத்த முப்பது நாற்பது சென்டிமீட்டருக்கான பலம் உங்கள் காலில் ஏற்கெனவே இருக்கிறது. ஜிம்மில் ஸ்குவாட் எடையைக் கூட்டுவதற்கு முன்னால், கிக் அடிக்கும் அந்தக் கணத்தில் உங்கள் இடுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தத் தூரத்தில் மாட்டிக்கொண்டவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் ஒரே விஷயத்தைத்தான் செய்கிறார்கள்: உடம்பு முன்னால் சாய்வதற்குள் பெடலை மிதித்துவிடுகிறார்கள். உடம்பு பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும்போது மிதித்தால் முன்சக்கரம் மேலே எகிறும், சைக்கிள் காலுக்கு அடியில் முன்னால் நழுவும், நீங்கள் பின்தங்கிவிடுவீர்கள். அதன் பிறகு எவ்வளவு பலமாக இழுத்தாலும் உடம்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் தெளிவாகும். காற்றில் இருக்கும் நேரம், எடைமையம் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதைப் பொறுத்தது. 30 செ.மீ. எழும்பினால் ஏறி இறங்க ஏறத்தாழ அரை நொடி. அந்த அரை நொடியில் முன்னோக்கிப் போகும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் கூடினாலே தூரம் 25 செ.மீ. கூடிவிடும். அதே 25 செ.மீ.யை உயரத்தால் மட்டும் எடுக்கப் பார்த்தால், எடைமையம் இன்னும் 10 செ.மீ.க்கு மேல் எழும்ப வேண்டும். அதற்குத்தான் நிஜமாகவே கால் பலம் வேண்டும். முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கை, உடம்பை முன்னால் விழவிடும்போது புவியீர்ப்பே கொடுத்துவிடுகிறது. சீக்கிரம் மிதிப்பவர்கள் இலவசமாகக் கிடைப்பதை வாங்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.

அதனால் முதலில் நிற்பதைச் சரிசெய்வோம். பலமான கால் முன்னால், அந்தப் பெடல் கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. பின் பிரேக் முழுப் பூட்டு, லீவரில் ஒரே ஒரு விரல். கை நீட்டியபடி, முழங்கால் லேசாக மடங்கியபடி, இரண்டு மூன்று நொடி குதிக்காமல் அசையாமல் நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் கேப்பை விட்டுவிட்டுச் சில வாரம் இதை மட்டும் செய்யுங்கள். ஆடிக்கொண்டே நிற்பவர் கிக்குக்கான நேரத்தைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. சமநிலை போகிற நேரம் பார்த்து அவசரமாக மிதிக்கிறார். சீக்கிரம் மிதிக்கும் பழக்கம் பாதிப் பேருக்கு இங்கிருந்துதான் வருகிறது.

இனி இறக்கம், அதாவது கிக்குக்கு முன்னால் உடம்பையும் முன்சக்கரத்தையும் தாழ்த்துவது. முன்சக்கரம் கீழே போக வேண்டும், இடுப்பும் முழங்காலும் கூடவே மடங்க வேண்டும், கை நீண்டபடியே இருக்க வேண்டும். இந்த இடத்தில் முழங்கையை மடக்கி ஹேண்டில்பாரை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொள்பவர்கள் அதிகம். இழுத்துவிட்டால் பிறகு கை இழுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. முன்சக்கரம் கீழே போகப் போக எடை தானாக முன்னால் நகரும். இனிப் பிரேக் பிடித்திருந்தாலும் முன்னால்தான் விழுவோம் என்று உடம்புக்குத் தெரிகிற ஒரு புள்ளி வரும். பிரேக்கை விட வேண்டியது அங்கே. ஊஞ்சலைத் தள்ளும்போது அது திரும்புகிற நேரம் பார்த்துக் கை கொடுப்போமே, அந்த மாதிரி நேரம் இது. அரை நொடி முன்னே பின்னே போனாலும் அதே பலம் வீணாகும்.

பிரேக் விடுவதும் மிதிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடக்கும், ஆனால் மனதில் வரிசை வேண்டும்: சாய்வு, பிரேக், மிதி. மிதிக்கும் காலை மட்டும் நினைக்காதீர்கள். பின்காலும் சேர்ந்து, இரண்டு காலும் முழுதாக நீள வேண்டும். கிராங்க் (பெடல் மாட்டிய தண்டு) கால்வாசிச் சுற்றோ அதைவிடக் கொஞ்சம் அதிகமோதான் நகரும். மீதியெல்லாம் குதிப்பு. இடுப்பு ஹேண்டில்பாரை நோக்கி மேலேயும் முன்னேயும் போக வேண்டும். உடம்பு முழுதாக நிமிர்வதற்குள் முழங்காலை மடக்க ஆரம்பிப்பது இன்னொரு பெரிய விரயம். பள்ளத்தைப் பார்த்ததும் பயத்தில் கால் தானாகவே மடங்கும். சமதரையில் நன்றாக நிமிர்பவர்கூட நிஜ இடைவெளியில் பாதியிலேயே சுருட்டிக்கொள்வது இதனால்தான்.

காற்றில் செய்ய வேண்டியது குறைவு. நிமிர்ந்து முடிந்ததும் முழங்காலை நெஞ்சை நோக்கி இழுத்து, ஹேண்டில்பாரை முன்னால் தள்ளுங்கள். தள்ளும்போது பின்சக்கரம் உடம்புக்கு அடியில் முன்னால் வரும். இந்தத் தள்ளலில் கிடைக்கும் சில சென்டிமீட்டர்தான் பல நேரம் டயர் விளிம்பில் ஏறுவதா, அடித்துத் திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கும். டயர் தொடுவதற்குச் சற்று முன்பே பின் பிரேக் பூட்டியிருக்க வேண்டும். தொட்ட பிறகு பிடித்தால் சைக்கிள் முன்னால் உருண்டு உங்களைப் பின்னால் தள்ளும். நேரம் சரியாக அமைந்தால் காதிலேயே தெரியும்: பிடிப்புக்காகக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கிய ரிம்மில் பிரேக் கட்டை ஒரு சின்னக் கீச்சோடு நிற்கும், அப்புறம் சத்தமே இருக்காது. பிடி தாமதமானால் அந்தக் கீச்சு இழுத்துக்கொண்டே போகும்.

விளிம்பில் எங்கே நிற்பது என்பதும் முக்கியம். சக்கரத்தை ஓரத்திலேயே வைத்தால் தூரம் குறையும் என்று தோன்றும். ஆனால் கிக் அடிக்கும்போது சக்கரம் கொஞ்சம் உருளும். ஓரத்திலேயே நின்றால் முழு விசையும் இறங்குவதற்குள் டயர் விளிம்பைத் தாண்டி வழுக்கிவிடும். இப்போதைக்கு விளிம்பிலிருந்து ஒரு கையகலம் உள்ளே வையுங்கள். கிக் முடியும்போது டயர் விளிம்பைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த முனை டயருக்குள் பதிந்து கொடுக்கிற பிடி, சமதரையில் கிடைக்கவே கிடைக்காது. நேரம் கைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகரலாம்.

பழகும் முறையைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. தூரமும் பயமும் ஒரே நாளில் சேர்ந்து கூடக் கூடாது. சமதரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். தரையில் 1.7 மீட்டர் நிச்சயமாக வருகிறது என்றால்தான் மரப் பேலட்டுகளுக்கு இடையில் 1.5 மீட்டர் வையுங்கள். பேலட் முழங்காலுக்குக் கீழான உயரம் போதும். தூரத்தைக் கூட்டும்போது ஒரு தடவைக்கு ஐந்து சென்டிமீட்டர். அளப்பது விளிம்பிலிருந்து விளிம்புக்கு, டேப் வைத்து. கண்ணால் அளந்த தூரம் நம் மனநிலைக்கு ஏற்ப நீளும், சுருங்கும். கால் களைத்தபின் தொடர வேண்டாம். களைத்த கால் மறுபடி சீக்கிரம் மிதிக்கத் தொடங்கும், அந்தப் பழக்கம் மறுநாளும் ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொன்று, பார்வை. பள்ளத்தைப் பார்க்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எங்கே பார்ப்பது என்று சொல்ல மாட்டார்கள். இறங்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு டயர் அகலம் உள்ளே சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கண் அங்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். விளிம்பையே பார்த்துத் தாவினால் விளிம்புக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்.

விழவும் கற்றுக்கொள்ளுங்கள். என்னோடு பழகும் ஒரு பையன் நல்ல பலசாலி, ஆனால் நடுவில் சந்தேகம் வந்தால் ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அவனைச் சமதரையில் வேண்டுமென்றே சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு காலில் இறங்கப் பழக்கினோம். சைக்கிளைப் பின்னால் விட்டு முன்னால் குதிப்பது, பக்கவாட்டில் தள்ளி விலகுவது, இரண்டும். வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவன் கிக் தானாகவே தாமதமாகி, சரியான இடத்துக்கு வந்தது. ஹெல்மெட், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்கான காப்பு (ஷின் கார்டு) இரண்டும் கட்டாயம். கேப்பில் பெடல் அந்த முன்னெலும்பைத்தான் முதலில் தேடி வரும்.

சைக்கிளைப் பற்றி. 20 அங்குலமா 26 அங்குலமா என்று நீங்கள் சொல்லவில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு, நுட்பத்தின் அடிப்படை ஒன்றுதான். 20 அங்குலத்தில் கிக் சட்டென்று முடிந்துவிடும், 26-இல் இறக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது செயினும் ஃப்ரீவீலும்தான் (முன்னால் மிதித்தால் கவ்வி, பின்னால் சுற்றினால் வெறுமனே சுழலும் பாகம்). முழுப் பலத்தோடு மிதிக்கும் நேரத்தில் செயின் அறுந்தாலோ ஃப்ரீவீல் வழுக்கினாலோ நேராகப் பள்ளத்துக்குள் போவீர்கள். செயினில் ஒரு கண்ணி லேசாக வளைந்திருந்தாலும் முழுதாக மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். ஃப்ரீவீலுக்குள் மிதியைக் கவ்வும் பிடிப்புள்ளிகள் குறைவாக இருந்தால் மிதி பிடிக்கும்வரை பெடல் கொஞ்சம் வெறுமனே போகும். நேரம் பார்த்து மிதிக்கும் இந்த விளையாட்டில் அந்த வெற்று நகர்வு உறுத்தும். 72 பிடிப்புள்ளிகள் உள்ளதிலிருந்து 108 உள்ளதற்கு மாறினால் அது 5 பாகையிலிருந்து மூன்றேகால் பாகைக்குச் சற்று மேலாகக் குறையும். நல்லதுதான், ஆனால் உங்கள் ஒன்றரை மீட்டருக்குக் காரணம் அது இல்லை. பின்டயரில் காற்று, இறங்கும்போது ரிம் தரையில் இடிக்காத அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். ரொம்பக் குறைத்தால் கிக்கின்போது டயர் நெளிந்து பலத்தைக் குடித்துவிடும்.

கடைசியாக, போனில் ஸ்லோமோஷன் எடுங்கள். பக்கவாட்டிலிருந்து, போனைப் பின் அச்சின் உயரத்தில் வைத்து. முழு வீடியோவைப் பார்த்து ரசிப்பதால் பயன் குறைவு. பின்சக்கரம் உருளத் தொடங்கும் முதல் ஃப்ரேமில் நிறுத்தி, பின் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். இடுப்பு அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தால் மிதி சீக்கிரம். அப்புறம் டயர் விளிம்பை விட்டு விலகும் ஃப்ரேம்: முழங்கால் முழுதாக நீண்டிருக்கிறதா? இறங்கித் தொடும் ஃப்ரேம்: சக்கரம் சுழல்கிறதா, நின்றிருக்கிறதா? இந்த மூன்றில் எது சரியில்லையோ அதை மட்டும் ஒரு வாரம் சமதரையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் தூரம் கூடவில்லை என்றால் மட்டும் ஸ்குவாட் பக்கம் போங்கள்.