வீட்டில் செய்த ஸ்மார்ட் கண்ணாடியைத் தமிழில் பேச வைக்க முடியுமா?

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள திரையில் தகவல் காட்டும் மேஜிக்மிரர் மென்பொருளைப் போட்டு ஒரு கண்ணாடி செய்திருக்கிறேன். நேரம், வானிலை எல்லாம் தெரிகிறது. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல வைக்க வேண்டும். அதில் கூகுள் அசிஸ்டன்ட் மாட்யூல் (கூடுதல் நிரல் துண்டு) போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. பை 5 வாங்க வேண்டுமா?

பதில்:

முடியும். ஆனால் ஆசையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்று இறங்கினால் வேலை முடியவே முடியாது. காலையில் தலை வாரும் நேரத்தில் வீட்டு ஆட்கள் கேட்கிற எட்டுப் பத்துக் கேள்விக்குப் பதில் வந்தால் போதும் என்றால், இரண்டு மூன்று வார இறுதியில் முடித்துவிடலாம். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் எங்கள் வீட்டு ஹோலில் தொங்குவது இந்த இரண்டாவது வகைதான்.

நீங்கள் போட்டுப் பார்த்தது சரிவராததில் ஆச்சரியம் இல்லை. தேடினால் முதலில் வந்து நிற்பவை 2018, 2019 காலத்து வழிகாட்டிகள். அவற்றில் பல, ஸ்னோபாய் என்ற எழுப்புச்சொல் (சொன்னதும் கருவி கேட்கத் தொடங்கும் சொல்) மென்பொருளை நம்பி எழுதப்பட்டவை. அந்தச் சேவையை 2020 டிசம்பர் 31உடன் மூடிவிட்டார்கள். வெளிக் கருவிகளில் ஓடுவதற்கென்று கூகுள் கொடுத்த அசிஸ்டன்ட் எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பிலும் தமிழ் இல்லை. போனில் தமிழ் பேசுகிறதே, இங்கும் பேசும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அலெக்சாவிலும் இதே கதை.

ஆகவே ரெடிமேட் உதவியாளரை விட்டுவிட்டு, துண்டு துண்டாகப் பொருத்துங்கள். எழுப்புச்சொல்லைக் கேட்க ஒன்று, பேச்சை எழுத்தாக்க ஒன்று, கேட்டது என்ன என்று பிரித்தறிய ஒன்று, பதில் சொல்ல ஒன்று. இந்த நாலுக்கும் முன்னால் மைக். பெரும்பாலான ஆட்கள் மென்பொருளில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள், பிழை மைக்கில் இருக்கும்.

மைக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவரிடம் கதை கேட்பது போல ஆகிவிடும். சட்டத்தின் கீழ்விளிம்பில் சின்னத் துளை போட்டு, மைக்கின் வாய் அந்தத் துளைக்கு நேராக வரும்படி ஒட்டுங்கள். சுற்றிவர ஸ்பொஞ்ச் வைத்தால் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் அதிர்வு மைக்குக்குப் போகாது. பை 4இல் இருக்கிற ஹெட்போன் துளை சத்தம் வெளியே போக மட்டும்தான், அதில் மைக் குத்தினால் வேலை செய்யாது. யூஎஸ்பி மைக் வேண்டும்.

மலிவான யூஎஸ்பி மைக்குகளில் ஒரு வில்லங்கம் உண்டு. பேச்சு மென்பொருள்கள் விநாடிக்கு 16,000 முறை அளந்த (16 கிலோஹெர்ட்ஸ்) ஒலியைக் கேட்கும், மைக்கோ 44.1 அல்லது 48இல் மட்டும் தரும். பைதான் ஸ்கிரிப்டை ஓட விட்டதும் 'சாம்பிள் ரேட் செல்லாது' என்று -9997 எண்ணோடு ஒரு பிழை வந்து விழுந்தால் காரணம் இதுதான். பையில் ஒலியைக் கவனிக்கும் அல்சா அமைப்பில் மைக்கை 'எச்டபிள்யூ' என்று நேரடியாகக் கொடுக்காமல் 'பிளக்எச்டபிள்யூ' என்று கொடுங்கள், மாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அல்சா மைக்குக்குக் கொடுக்கும் அட்டை எண்ணையும் எழுதி வைக்காதீர்கள். கரண்ட் போய் வந்ததும் அந்த எண் மாறக்கூடும். பெயரைக் கொடுத்தால் மாறாது. இரண்டு நிரல்கள் ஒரே மைக்கைக் கேட்டு அடிபட்டால் அல்சாவின் 'டிஸ்னூப்' வசதியைப் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம்.

எழுப்புச்சொல்லுக்கு ஓப்பன்வேக்வேர்ட் நல்லது. இணையம் இல்லாமலே பைக்குள் ஓடும், பாரமும் இல்லை. தயாராகக் கிடைக்கும் சொற்கள் ஆங்கிலம்தான். 'ஹே ஜார்விஸ்' எங்கள் வாயில் எப்படி வந்தாலும் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும். வழக்கமாக 0.5ஐத் தாண்டினால் எழும்பும். டீவி நாடகம் ஓடும்போதெல்லாம் கண்ணாடி எழும்பினால் 0.7க்கு ஏற்றிப் பாருங்கள். கண்ணாடி பதில் சொல்லும் நேரத்தில் மைக்கை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் தன் குரலுக்குத் தானே எழும்பும்.

பேச்சை எழுத்தாக்குவதில்தான் தமிழ்க்காரருக்குச் சிக்கல். 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் பையில் ஓடக்கூடிய மிகச் சிறிய மாடல்கள் தமிழைக் கொத்திப் போட்டுவிடும். தமிழ் கொஞ்சமாவது உருப்படியாக வர 'ஸ்மால்' அளவாவது வேண்டும், அது பை 4க்குச் சுமை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. விஸ்பர் எந்த ஒலியையும் 30 விநாடித் துண்டாக்கித்தான் வாங்கும். நீங்கள் இரண்டு விநாடி பேசினாலும் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பிவிட்டு முழுத் துண்டையும் கணக்குப் பார்க்கும். "நேரம் என்ன" என்ற சின்னக் கேள்விக்குக் கூட அவ்வளவு காத்திருப்பு அதனால்தான்.

வழி இரண்டு. வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் இருந்தால் விஸ்பரை அதில் ஓட விட்டு, பையிலிருந்து ஒலியை மட்டும் அனுப்பலாம். இல்லையென்றால் இணையம் வழியாக ஓடும் கூகுளின் கிளவுட் பேச்சுச் சேவை. அதில் இலங்கைத் தமிழுக்கென்றே தனி மொழிக் குறியீடு இருக்கிறது. கணக்குத் திறக்க வங்கி அட்டை கேட்பார்கள். நான் கிளவுடைத்தான் பாவிக்கிறேன்.

ஒலிப்பதிவுக்கு ஐந்து விநாடி உச்சவரம்பு கட்டாயம் வையுங்கள். பேச்சு நின்றதும் பதிவு நிற்கும் என்று எழுதுவதுதான் வழக்கம். எங்கள் ஊரில் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லும் நேரம் ஜன்னல் திறந்திருந்தால் மௌனம் என்பதே வராது, பதிவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

இனி நான் அதிகம் மெனக்கெட்ட இடம். உம்மா "இண்டைக்கு மழ வருமா?" என்று கேட்பா. ராத்தா (அக்கா) "குடை கொண்டு போகணுமா?" என்பா. எழுத்தாகி வருவது 'இன்றைக்கு மழை வருமா' என்று இருக்கும், 'இண்டைக்கு மழ' என்று இருக்கும், சிலவேளை மழை என்ற சொல்லே 'மலை' ஆகிவிடும். லைட் என்ற சொல் ஒரு நாள் தமிழ் எழுத்திலும் இன்னொரு நாள் ஆங்கில எழுத்திலும் வரும். முழு வாக்கியத்தை ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது. நாங்கள் என்ன சொன்னோம் என்பதை விட்டுவிட்டு, இயந்திரம் என்ன எழுதியது என்பதை ஒரு கோப்பில் சேமியுங்கள். ஒரு வாரம் விட்டு அதைத் திறந்து பாருங்கள். மழைக் கேள்விக்குக் கீழே 'மழை, மழ, மலை, குடை' என்று அதில் கண்டதையெல்லாம் போட்டு, நாலில் ஒன்று வந்தாலும் வானிலைப் பதில் என்று எழுதிவிடுங்கள். மலையைப் பற்றிக் கண்ணாடியிடம் கேட்பவர் எங்கள் கடற்கரையில் யாரும் இல்லை. பத்துக் கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவு எல்லாம் தேவையே இல்லை.

மேஜிக்மிரரில் மாட்யூல்களை மறைக்க, காட்ட, திரையை அணைக்க ரிமோட் கண்ட்ரோல் மாட்யூலைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் அதே பையிலிருந்து அதற்கு ஒரு வலை முகவரி வழியாகக் கட்டளை அனுப்பலாம். வானிலைக்கும் தொழுகை நேரத்துக்கும் இடத்தைச் சரியாகக் கொடுங்கள். கொழும்பு என்று விட்டுவிட்டால், நாங்கள் ஏறக்குறைய இரண்டு பாகை கிழக்கே இருப்பதால், மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை, நோன்பு திறக்கும் நேரம்) எட்டு நிமிடம் பிந்திக் காட்டும். நோன்பு மாதத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

பதில் குரலுக்கு, எழுத்தை வாசிக்கும் ஈஸ்பீக் மென்பொருள் இருக்கிறது, தமிழ் வாசிக்கும், ஆனால் தகரத்தில் தட்டின மாதிரி. அடிக்கடி வரும் பதில்களை வீட்டு ஆட்களின் குரலில் பதிந்து வைத்து ஓட விடுவது என் சிபாரிசு. நேரத்துக்கு மணியும் நிமிடமும் தனித்தனியாகப் பதிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் கண்ணாடியில் ராத்தாவின் மகள் குரல். விருந்தாளிகள் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "நாங்க பேசுறதெல்லாம் எங்க போகுது?" என்று உம்மா கேட்டா. நியாயமான கேள்வி. எழுப்புச்சொல் வரும் வரை ஒலி பையைத் தாண்டாது, அதன் பிறகு வரும் ஐந்து விநாடி மட்டும்தான் வெளியே போகும். கேட்கத் தொடங்கியதும் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி வரும்படி செய்தேன், மைக் வயரில் ஒரு ஸ்விட்சும் வைத்தேன். படுக்கையறைக் கண்ணாடி என்றால் மைக்கே வேண்டாம்.

பை 5 தேவையில்லை, கையில் இருக்கும் 4 போதும். 5இல் ஹெட்போன் துளையே கிடையாது, ஸ்பீக்கருக்கும் யூஎஸ்பி தேட வேண்டி வரும். அந்தக் காசில் 5 வோல்ட் 3 அம்பியர் தரும் நல்ல அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பழைய போன் சார்ஜரில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் ஏறினால் திரையில் மின்னல் அடையாளம் வரும், மைக் இடையில் காணாமல் போகும். பெட்டியின் மேலும் கீழும் காற்றுத் துளையும் விடுங்கள். சூடு 80 பாகை செல்சியஸைத் தொட்டால் பை தானாக வேகத்தைக் குறைக்கும், சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும்.