கையில் சின்னச் சோடி, எதிரே ரெய்ஸ்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் நோ லிமிட் ஹோல்டெம் (ஒரு வகைப் போக்கர் சீட்டாட்டம்) விளையாடுபவர்கள் கேட்டவை. உதாரணங்கள் எல்லாம் 50–100 பிளைண்ட் (கடதாசி பார்க்க முன்னமே இரண்டு பேர் வைக்கும் கட்டாயப் பந்தயம்) மேசைக்கு. கையில் வரும் இரண்டு கடதாசியும் ஒரே இலக்கம் என்றால் சோடி: 2 முதல் 6 வரை சின்னச் சோடி, 7 முதல் 10 வரை நடுத்தரம்.

உப்புவெளி: அண்ணை, முன் இருக்கைக்காரர் (முந்தி விளையாடுகிறவர்) 300க்கு ரெய்ஸ், பந்தயத்தைக் கூட்டிவிட்டார். பட்டனில் (ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாக விளையாடும் இருக்கை) என்னட்ட நாலுச் சோடி. இரண்டு பேரிட்டயும் 10,000 இருக்கு. கோல் பண்ணலாமோ, அதே தொகையைக் கட்டலாமோ?

பண்ணுங்கோ. ஃப்ளொப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று கடதாசியில்) செட் (சோடியோடு அதே இலக்கம் மூன்றாவது) விழ 11.8 வீதம், அதாவது எட்டரைத் தரத்துக்கு ஒரு தரம். மற்ற ஏழரைத் தரமும் 300, 300 ஆகப் போனால் 2,250. விழுகிற அந்த ஒரு தரம் இதை மீட்க வேணும். அவர் போட்ட 300, பிளைண்ட் 150 பொட்டிலேயே (பந்தயக் குவியலிலேயே) கிடக்கு. மிச்சம் 1,800ஐ ஃப்ளொப்புக்குப் பிறகு அவரிட்ட இருந்து சராசரியாகக் கறக்க வேணும். சராசரியாக என்றதைக் கவனியுங்கோ: ஏஸ்-குயினோடு ஒன்றும் படாதவர் 400 போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சில தரம் செட்டே தோற்கும். அதனால்தான் இரண்டு பேரில் குறைந்த ஸ்டாக் (முன்னால் இருக்கும் காசு), கோல் தொகையைப் போல 15–20 மடங்காவது இருக்க வேணும் என்கிறது. உங்களுக்கு 33 மடங்கு. முன் இருக்கையில் இருந்து ரெய்ஸ் பண்ணுகிற இறுக்கமான (நல்ல கைக்கு மட்டும் விளையாடுகிற) ஆளிட்டப் பெரிய சோடி இருக்க வாய்ப்புக் கூட; செட்டுக்குக் காசு கட்டுகிறதும் அவர்தான்.

ஓர்ஸ் ஹில்: அதே கை, ஆனால் என்னட்ட 2,500தான்.

கையைப் போட்டுவிடுங்கோ, விளையாட வேண்டாம். கோலுக்குப் பிறகு 2,200 மிஞ்சும். செட் விழுகிற ஐந்தில் நாலு தரம் அவர் முழுதையும் கட்டினால்தான் கணக்குச் சமன். யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். எட்டுச் சோடி, பின் இருக்கைக்காரரின் ரெய்ஸ் என்றால் கதை வேறை: 2,500ஐயும் ஒரேயடியாகத் தள்ளலாம். அவரிட்டப் பெரிய இரண்டு கடதாசி இருந்தாலும் நீங்கள் கொஞ்சம் முன்னுக்கு நிற்கிறீர்கள். பெரிய சோடி இருந்தால் மட்டும் ஐந்துக்கு ஒன்று.

நிலாவெளி: ஒன்பதுச் சோடியைப் போட மனமே வருகுதில்லை. ஃப்ளொப்பில் கிங் வந்தால் என்ன செய்யிறது?

304 சீட்டாட்டம் விளையாடிய கை அது. அங்கே வீரனுக்கு (ஜாக்) 30, ஒன்பதுக்கு 20, ஏஸும் அதுக்குக் கீழேதான். இங்கே ஒன்பதுக்கு மேல் ஐந்து இருக்கு. ஃப்ளொப்பில் பெரிய கடதாசி ஒன்றாவது விழுவது ஒன்பதுச் சோடிக்கு 79 வீதம், எட்டுக்கு 87, பத்துக்குக்கூட 69. ஆகவே கிங் வந்தது அதிசயமில்லை. அதுக்காக உடனே எறியவும் வேண்டாம்.

ஃப்ளொப் கிங்-7-2, மூன்றும் வேறு வேறு இனம், பொட் 750, எதிரே ஒரே ஆள், அவர் 250 போடுகிறார் என்று வையுங்கோ. உங்களுக்கு 20 வீத வெற்றி போதும், கோல் பண்ணுங்கோ. டேர்னில் (நாலாவது கடதாசியில்) மறுபடி 900 மாதிரிப் பெரிதாகப் பந்தயம் வைத்தால் பெரும்பாலும் கையைப் போட்டுவிடுங்கோ. அவரிட்டக் கிங் இருந்தால் உங்களைக் காப்பாற்ற இரண்டு ஒன்பதுதான் மிச்சம், 46க்கு 2. ஏஸ்-குயின்-10 போன்ற ஃப்ளொப்பிலும், எதிரே இரண்டு பேர் நிற்கும்போதும், முதல் பந்தயத்துக்கே கையைப் போட்டுவிடலாம்.

சின்னச் சோடி செட்டுக்கான சீட்டு. நடுத்தரச் சோடி தன்பாட்டிலும் ஒரு கை. இரண்டையும் ஒரே மாதிரி விளையாடினால் ஒன்றில் காசு கசியும், மற்றதில் வெல்ல வேண்டியதை விட்டுவிடுவீர்கள்.

சீனக்குடா: நான் ஐந்துச் சோடியோடு 300 போட, பின்னால் இருந்தவர் 1,000 ஆக்கிவிட்டார்.

இன்னும் 700 கட்ட வேணும், உங்களிட்ட மிச்சம் 9,700. 14 மடங்குகூட இல்லை, அவருக்கு முன்னால் விளையாடவும் வேணும். போட்டுவிடுங்கோ. நீங்கள் பின்னுக்கும் அவர் இறுக்கமான ஆளாகவும் இருந்தால் கோல் ஓரளவு சரி. 6,000 ஸ்டாக்கில் எந்த இருக்கையிலும் வேண்டாம்.

உவர்மலை: செட் விழுந்தால் ஒளித்து விளையாடுறதுதானே நல்லது?

அதில்தான் அநேகர் வெல்ல வேண்டியதை மேசையில் விட்டுவிட்டு எழும்புகிறார்கள். பொட் 750, ஃப்ளொப் 9-8-4, இரண்டு ஆடுத்தன் (ஹார்ட்ஸ்), உங்களிட்ட நாலுச் சோடி. அவர் 400 போடுகிறார். சும்மா கோல் பண்ணினால் பொட் 1,550. டேர்னில் 1,000, ரிவரில் (கடைசி, ஐந்தாவது கடதாசியில்) 2,500 போனாலும் கடைசியில் 5,800 தொடாமலே கிடக்கும். அந்த 400ஐ 1,300 ஆக்குங்கோ: பொட் 3,350. டேர்னில் 2,400, பொட் 8,150. ரிவரில் மிஞ்சின 6,000ஐயும் தள்ளலாம். மூன்றாவது ஆடுத்தனுக்குக் காத்திருப்பவரும் காசு கட்டித்தான் பார்ப்பார்.

கிங்-4-4 மாதிரி விழுந்து நாலு நாலும் உங்களிட்ட என்றால் மட்டும் அவசரமில்லை.

உப்புவெளி: அவரிட்டப் பெரிய செட் இருந்தால்?

இரண்டு பேரிட்டயும் சோடி இருக்கும்போதுகூட இரண்டுக்கும் செட் விழுவது நூற்றுக்கு ஒன்றளவில்தான். பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு ஸ்டாக்கில் அதுக்குப் பயந்து செட்டைப் போடாதீங்கோ, முழுதையும் வையுங்கோ.