ராகிகர்ஹி பெண் என் பாட்டியா?

கேள்வி: உமிழ்நீரைக் கொடுத்துப் பெற்ற டி.என்.ஏ. தரவுக் கோப்பினை, தொல் மனிதர்களோடு ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றில் ஏற்றினேன். சிந்துவெளி நாகரிகத் தளமான ராகிகர்ஹியில் எலும்புக்கூடாகக் கிடைத்த, சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பெண்ணோடு எனக்குப் ‘பொருத்தம்’ இருப்பதாக முடிவு வந்தது. நான் அந்தப் பெண்ணின் வழித்தோன்றல் என்று கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொள்ள இயலாது. ஹரியானாவின் ராகிகர்ஹியில் 61 எலும்பு மாதிரிகள் ஆராயப்பட்டு, அவற்றுள் ஒரே ஒரு பெண்ணின் மாதிரியிலிருந்து மட்டுமே பயன்படத்தக்க மரபணுத் தரவு கிடைத்தது. அதுவும் நூறு முறைக்கு மேல் முயன்ற பிறகு கிடைத்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வின் தரவு மிகவும் சிதைந்து, ஆங்காங்கே சில எழுத்துகள் மட்டும் தெரியும் ஓலைச்சுவடியைப் போன்றது. உறவை நிறுவ வேண்டுமானால் இருவரின் குரோமோசோமிலும் ஒரு நீண்ட பகுதி இடைவெளியின்றி ஒத்திருப்பதைக் காட்ட வேண்டும். அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தரவு இடம் கொடுக்காது.

பிறகு அந்த இணையதளம் எதைத்தான் ஒப்பிட்டது? உங்கள் மரபணுக் கலவையின் ஒட்டுமொத்தச் சாயல் அந்தப் பெண்ணின் கலவைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையே அது அளந்திருக்கும். அவருடையது ஈரானிய மேட்டுநில மக்களோடு தொடர்புடைய ஒரு பழைய மரபும், தென்னாசியாவின் தொல்குடி வேட்டைச் சமூக மரபும் கலந்தது. யூரேசியப் புல்வெளி மேய்ப்பர் மரபு அவரிடம் காணப்படவில்லை. அவர் சார்ந்த மக்களின் மரபே இன்றைய தென்னாசியர் பெரும்பாலோரின் மிகப் பெரிய மூலம் என்று அந்த ஆய்வு முடிவு செய்தது. ஆகவே கோயம்புத்தூர்க்காரருக்கு வந்த ‘பொருத்தம்’ கொல்கத்தாக்காரருக்கும் கராச்சிக்காரருக்கும் வரலாம். ஒரே ஊர்க்காரர் என்பதற்கும் ஒரே வீட்டுக்காரர் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மேலே போகப் போக முன்னோரின் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே செல்லும். இருபது தலைமுறைக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் நம் வம்ச மரத்தில் இருக்கும். நாற்பதாம் தலைமுறையில் அந்த எண் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். அத்தனை மனிதர்கள் உலகில் இருந்ததே இல்லை என்பதால், ஒரே மனிதரே பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார் என்று பொருள். சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்யும் அகமண வழக்கம் இந்தக் கலப்பைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது. ராகிகர்ஹி பெண்ணின் வாரிசுகள் யாரேனும் தழைத்திருந்தால், ஏறத்தாழ 160 தலைமுறைகளுக்குப் பின் துணைக்கண்டத்தின் பெரும்பாலோர் ஏதோ ஒரு வழியில் அவருக்கு வாரிசாக இருக்கக்கூடும். அப்படியிருந்தும், அவரிடமிருந்து நேராக வந்த டி.என்.ஏ. துண்டு ஒன்றுகூட உங்களிடம் இல்லாமல் போகலாம். வாரிசாக இருப்பதும் அதை டி.என்.ஏ. வழியாகக் காட்டுவதும் வேறு வேறு.

கேள்வி: இங்கிலாந்தின் செடார் மனிதருக்கு இன்றும் உறவினர் இருப்பதாகப் படித்தேன். அது எப்படிச் சாத்தியமாயிற்று?
– வாசகி, திருச்சி

பதில்: செடார் மனிதரின் எலும்புக்கூடு 1903இல் சாமர்செட்டில் செடார் என்ற ஊரின் குகையில் கிடைத்தது, வயது சுமார் 10,000 ஆண்டுகள். 1997இல் ஆக்ஸ்போர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் அவருடைய பல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யை எடுத்து, அதே ஊரில் சிலருடையதோடு ஒப்பிட்டார். உள்ளூர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ஒருவருடையது நெருங்கி வந்ததும், ‘பல்லாயிரம் ஆண்டு கடந்த உறவு’ என்று செய்தித்தாள்கள் கொண்டாடின.

ஆனால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்லும். செடார் மனிதர் ஆண். அவர் அதை யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. ஆகவே அந்தப் பொருத்தத்தைக் கொண்டு ஆசிரியரை அவருடைய வாரிசு என்று சொல்ல வழியே இல்லை. இருவருக்கும் தாய்வழியில் எங்கோ ஒரு பொதுமூதாட்டி இருந்தார் என்பது மட்டுமே உண்மை, அந்தத் தாய்வழிக் கிளையோ ஐரோப்பியரில் சுமார் பத்தில் ஒருவரிடம் உள்ளது.

ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த, 5,300 ஆண்டுகள் பழமையான ஓட்சி என்ற ஆண் சடலத்தின் கதையும் இதுதான், ஆனால் தந்தைவழியில். 2013இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் ஆய்வாளர்கள் டிரோல் பகுதியில் இரத்ததானம் செய்த சுமார் 3,700 ஆண்களைச் சோதித்தபோது, 19 பேரிடம், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமில் ஓட்சியின் கிளை காணப்பட்டது. நம் வழக்கில் சொன்னால் அவர்கள் பங்காளிகள். ஆனால் எத்தனையாவது தலைமுறைப் பங்காளி என்பதை அந்தக் குறி சொல்லாது.

கேள்வி: என் பெற்றோர் இருவரும் யாழ்ப்பாணத்தவர். பொருத்தமாகக் கணக்கிடப்படும் துண்டின் குறைந்தபட்ச நீளத்தை 7 சென்டிமார்கனிலிருந்து (டி.என்.ஏ. துண்டின் மரபியல் நீள அளவு) 3ஆகக் குறைத்துத் தேடியதில், அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த அன்சிக் குழந்தையோடு எனக்கு ஒரு பொதுத் துண்டு இருப்பதாக வந்தது. இதை எப்படி விளங்கிக்கொள்வது?
– வாசகர், டொராண்டோ

பதில்: எல்லையைக் குறைத்ததில்தான் சிக்கல். 1968இல் கண்டெடுக்கப்பட்டு, 2014இல் முழு மரபணுவும் வெளியிடப்பட்ட அந்தக் குழந்தை 12,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டுகள் வெட்டுப்பட்டுக் குறுகும். இவ்வளவு தொலைவிலிருந்து நேராக வந்த ஒரு துண்டின் சராசரி நீளம் கால் சென்டிமார்கனைக்கூட எட்டாது.

பிறகு 3 சென்டிமார்கன் எங்கிருந்து வந்தது? நம் ஒவ்வொருவரிடமும் தாய் கொடுத்த பிரதி ஒன்றும் தந்தை கொடுத்த பிரதி ஒன்றும் உண்டு. உங்கள் கோப்போ எந்த டி.என்.ஏ. எழுத்து எந்தப் பிரதியைச் சேர்ந்தது என்று குறிப்பிடாது. ஒப்பிடும் மென்பொருள் ஓர் இடத்தில் தாயின் எழுத்தையும் அடுத்த இடத்தில் தந்தையின் எழுத்தையும் எடுத்துக் கோத்து, யாரிடமும் இல்லாத ஒரு தொடரை உருவாக்கிவிடும். சிறு துண்டுகளில் இது அடிக்கடி நேரும்.

உண்மையான பொருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு 2023இல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்கலாம். மேரிலாந்தின் கட்டாக்டின் இரும்பு உலை அருகே புதைக்கப்பட்டிருந்த 27 ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபணுவை, 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் ஆய்வுக்கு ஒப்புதல் அளித்திருந்தவர்களின் தரவோடு ஒப்பிட்டதில் 41,799 பேர் ஏதோ ஒரு நீண்ட துண்டால் தொடர்புடையவர்களாகத் தெரிந்தனர். அங்கே புதைக்கப்பட்டவர்கள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டினர். ஆகவே துண்டுகள் இன்னும் நீளமாகவே இருந்தன. அந்த 41,799 பேரிலும் பெரும்பாலோர் நேரடி வாரிசுகள் அல்லர், கிளை உறவினரே.

உங்கள் பெற்றோரின் கோப்புகள் கிடைக்குமானால் அவற்றையும் ஏற்றிப் பாருங்கள். உண்மையான துண்டு அவர்களுள் ஒருவரிடமாவது முழுமையாக இருக்க வேண்டும்; இருவரிடமும் இல்லையென்றால் அது மென்பொருள் கோத்த துண்டு.