கார்த்திகைக் கிழங்கும் இருதய மாத்திரையும்

கேள்வி: என் தந்தையாருக்கு 66 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, இப்போது மாதாந்தம் கிளினிக்கில் மருந்து எடுத்துவருகிறார். கார்த்திகைக் கிழங்கில் உள்ள மருந்து இருதய நோய்க்கு நல்லதென்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னாராம். வேலியோரம் படர்ந்திருக்கும் கொடியின் கிழங்கை அவித்துக் குடிக்கலாமா என்று கேட்டபடி இருக்கிறார். இதில் உண்மை உண்டா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: குடிக்க விடாதீர்கள். உறவினர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல என்பதால்தான் இதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

கார்த்திகைச் செடியில் இருக்கும் கொல்சிசின் என்ற பொருள், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் மருந்து. நாடிக் குழாய்களில் படியும் கொழுப்புத் திட்டு வெறும் கொழுப்புக் குவியல் அல்ல, அதற்குள் ஓயாத அழற்சி நடக்கிறது, அந்த அழற்சியே திட்டை வெடிக்கச் செய்து குருதியை உறையவைக்கிறது என்பது தெளிவான பின்னர், வெண்குருதிக் கலங்களின் நடமாட்டத்தைத் தணிக்கும் இந்தப் பழைய மருந்தின்மீது இருதய ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது. அவுஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நிலையான இருதய நோயுள்ள 5,522 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9.6 வீதமானோருக்கு மாரடைப்பு, பக்கவாதம், அவசரமாகக் குழாய்த் திருத்தம் செய்யவேண்டிய நிலை, இருதய மரணம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொல்சிசின் எடுத்தவர்களில் அது 6.8 வீதமாக இருந்தது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் இந்த அளவுக்கு அனுமதி வழங்கியது. ஆயினும் மாரடைப்பு வந்த கையோடு ஏறத்தாழ 7,000 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்ட ஆய்வில் பயன் எதுவும் தென்படவில்லை. ஆகவே அஸ்பிரின், கொலஸ்திரோல் மாத்திரை போன்றவற்றோடு, ஆளைப் பார்த்துச் சேர்க்கக்கூடிய ஒரு மேலதிக மருந்தாகவே இதைக் கருத வேண்டும்.

இனிக் கிழங்குக்கு வருவோம். அதிலுள்ள கொல்சிசினின் அளவு செடிக்குச் செடி வேறுபடும். உலர்ந்த கிழங்கில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஐந்து கிராம் துண்டொன்றில் 5 மில்லிகிராம், அதாவது பத்து நாள் மருந்து, ஒரே மிடறில் உள்ளே போய்விடும். அவித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். வற்றாளங்கிழங்கென்று தவறாக நினைத்து இதை உண்டவர்களும் இருக்கிறார்கள், உயிரை மாய்ப்பதற்கென்றே உண்டவர்களும் இருக்கிறார்கள். இலங்கை மருத்துவர்களுக்கு அந்த நஞ்சின் போக்கு நன்றாகத் தெரியும். சில மணித்தியாலங்களில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும், பிறகு சிறுநீரகமும் எலும்பு மச்சையும் செயலிழக்கும், தப்பியவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமயிர் கொட்டும். எங்கள் வைத்தியசாலைகளில் கொடுக்கக்கூடிய மாற்று மருந்து இதற்கு இல்லை.

மாத்திரையாக எடுப்பதிலும் கவனம் தேவை. சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் உடலில் கொல்சிசின் தேங்கிவிடும். சளிக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் கிளறித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்கொல்லிகளோடு சேர்ந்தால் நஞ்சாகும். நெல்வயலில் உழைத்து, கிணற்று நீர் குடித்து, வயது ஐம்பதைத் தாண்டும் முன்னரே சிறுநீரக நோயாளியாகிவிடும் பலரைக் கொண்ட பிரதேசத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியற்றினினின் அளவு தந்தையாருக்கு எவ்வளவு என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு, கொல்சிசின் தமக்குப் பொருந்துமா என்று அவரே வைத்தியரிடம் நேரில் கேட்கட்டும்.

கேள்வி: என் கணவருக்கு வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகுகிறது. அஞ்சியோகிராமில் ஒரு குழாயில் 70 வீத அடைப்பு இருப்பதாகச் சொன்ன வைத்தியர், மருந்தே போதும் என்கிறார். காணியை ஈடுவைத்துத் தனியாரிடம் ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் கம்பிவலை) போடுவது நல்லதல்லவா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: காணியை ஈடுவைக்க அவசரப்பட வேண்டாம். 37 நாடுகளில் 5,179 பேரைச் சேர்த்து, 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், நிலையான நோயுள்ளவர்களுக்கு உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததால் மரணம் குறையவில்லை. குழாயைக் குறுக்கிய திட்டுத்தான் வெடிக்கும் என்றில்லை; குழாயைச் சிறிதளவே அடைத்திருந்த திட்டு வெடித்தும் பல மாரடைப்புகள் வருகின்றன. எல்லாக் குழாய்களையும் ஒருசேரக் காப்பது மாத்திரையும், புகைத்தலை நிறுத்துவதுமே. ஸ்டென்ட் வலியைக் குறைக்கும். ஆகவே மருந்தை ஒழுங்காக எடுத்தும் வலி தொந்தரவு செய்தால் அதை நாடலாம். இடது பிரதான குழாயில் அடைப்பு இருந்தாலோ, இருதயத்தின் சுருங்கும் வலு மிகக் குறைந்திருந்தாலோ கணக்கு வேறு. இந்த இரண்டும் இல்லையா என்பதை மட்டும் வைத்தியரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கையிலேயே வலி வரத் தொடங்கினால், அது அவசர நிலை.

கேள்வி: இரவில் மாரடைப்பு வந்தால் நேரே யாழ்ப்பாணம் கொண்டுபோகலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, ஈ.சி.ஜி எடுக்கக்கூடிய மிக அண்மையான வைத்தியசாலைக்குப் போங்கள். ஸ்டென்ட் மூலம் குழாயைத் திறப்பதற்கு, ஈ.சி.ஜியில் கண்டறிந்து 120 நிமிடங்களுக்குள் முடியாதென்றால், உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு, அதன் பின்னரே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. பழைய நோய் நிர்ணய அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். முன்பு ஸ்ரெப்ரோகைனேஸ் என்ற கரைக்கும் ஊசி ஏற்றப்பட்டவருக்கு உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும் என்பதால் அதே மருந்தை மறுபடி ஏற்றுவதில்லை.