எலும்பு சிமெண்டைச் செலுத்த எந்தக் கருவி நல்லது? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எலும்புப்புரையால் (எலும்பு மெலிந்து பலமிழப்பது) முள்ளெலும்பு நசுங்கி உட்கார்ந்துவிட்டவர்களுக்கு, கூழாகப் போய் உள்ளே கல்லாக இறுகும் எலும்பு சிமெண்டை ஊசிக்குழாய் வழியாகச் செலுத்தும் சிகிச்சையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அதற்கான கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (முதுநிலை மாணவர்): 1 மில்லி சிரிஞ்சு போதும் என்கிறார் ஒரு சீனியர், திருகு வைத்த கருவிதான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே அவரவர் கைக்குப் பழகியதைச் சொல்கிறார்கள். 1 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, 10 மில்லி சிரிஞ்சில் 14, 15 வரை வரும். அதனால் கட்டைவிரல் அதே அளவு அழுத்தினாலும் சின்ன சிரிஞ்சில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தம் கிடைக்கும். கெட்டியான சிமெண்ட் அதில் மட்டும் நகர்வதற்கு இதுதான் காரணம். அதைவிடப் பெரிய லாபம், விரலை எடுத்த கணமே ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடுவது. சங்கடம் என்னவென்றால் அடிக்கடி சிரிஞ்சு மாற்ற வேண்டும், அதற்குள் சிமெண்ட் இறுகிக்கொண்டே போகும்.

திருகுக் கருவியில் ஒரே நிரப்பில் வேலை முடியும், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளலாம். ஆனால் கருவியை ஊசியோடு இணைக்கும் நீளமான குழாய்க்குள் அழுத்தம் தேங்கி நிற்கும். திருகுவதை நிறுத்திய பிறகும் சிமெண்ட் கொஞ்ச நேரம் போய்க்கொண்டுதான் இருக்கும், நிறுத்த வேண்டுமென்றால் திருகைப் பின்பக்கம் சுற்றி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். என் கணக்கில், எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடிகிறது என்பதை வைத்துத்தான் கருவியை எடைபோட வேண்டும்.

கேள்வி (எக்ஸ்ரே டெக்னீஷியன்): டாக்டர்களின் கை நாள் முழுக்கக் கதிர்வீச்சில் இருக்கிறதே, அதற்கு நீளக் குழாய்தானே நல்லது?

கைக்கு நல்லது, சந்தேகமே இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால்வாசியாகிவிடும். ஆனால் குழாய் நீள நீள எதிர்ப்பும் கூடும், கைக்குத் தெரியும் உணர்வும் மங்கும். அதனால் குழாய் வைத்த கருவி இருந்தால் தைரியமாக எடுங்கள், கண்ணை மட்டும் திரையில் தெரியும் பக்கவாட்டு எக்ஸ்ரே படத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒருமுறை முள்ளெலும்பின் பின்சுவரை (அதற்குப் பின்னால்தான் நரம்புகள் போகும் பாதை) நோக்கி கசியும் சிமெண்ட் ஒரு கறுப்பு நூலாக நீள்வதைத் திரையில் பார்த்தேன். உடனே திருகைப் பின்னால் சுற்றி, ஒரு நிமிடம் போல் காத்திருந்து, மறுபடி கொஞ்சமாகத் தள்ளியபோது சிமெண்ட் அந்தப் பக்கமே போகாமல் முன்னால் பரவியது. அதற்குள் அந்த நூல் இறுகி ஓட்டையை அடைத்துவிட்டிருந்தது. சிமெண்டில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால்தான் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது.

கேள்வி (தியேட்டர் நர்ஸ்): கைஃபோபிளாஸ்டியில் (முதலில் பலூனை விரித்து, பிறகு சிமெண்ட் வைக்கும் முறை) தரும் தள்ளுகோல் குழாய்கள் எப்படி?

எனக்குப் பிடித்தவை. பலூன் முதலிலேயே உள்ளே ஒரு குழி உண்டாக்கிவிடுவதால் குறைந்த அழுத்தத்தில், நல்ல கெட்டிப் பதத்தில் செலுத்தலாம். குழாய்க்கு ஏறத்தாழ 1.5 மில்லி பிடிக்கும். நாலைந்தை முன்கூட்டியே நிரப்பி வரிசையாக வைத்துவிடுங்கள். கோலின் நுனியில் தொங்கும் சிமெண்ட் கையுறையில் ஒட்டாமல், பற்பசை போல நிற்கும்போது ஆரம்பித்தால் சரியாக இருக்கும். இன்னொன்று, மேசையில் எடுத்து வைத்த சிமெண்ட் துண்டு உடம்புக்குள் இருப்பதைவிடத் தாமதமாகத்தான் இறுகும், உடம்புச் சூடு அதற்குக் கிடையாது அல்லவா? அந்தத் துண்டு கல்லாகும்வரை நோயாளியைத் திருப்ப விடாதீர்கள்.

கேள்வி: ஊசிக்குழாய் மெல்லிசாக இருந்தால் எலும்புக்குச் சேதம் குறையுமே?

முதுகெலும்பின் மார்புப் பகுதியில் 13 கேஜ், இடுப்புப் பகுதியில் 11 கேஜ் என்பது பொதுவான வழக்கம் (கேஜ் எண் கூடக் கூடக் குழாய் மெல்லிசு). தண்ணீர் மாதிரித் திரவத்துக்கு உள் ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்கு. சிமெண்டுக்குக் கணக்கு கொஞ்சம் மாறினாலும் போக்கு அதேதான். அப்புறம், 11 கேஜ் குழாய்க்குள்ளேயே அரை மில்லி போல நிற்கும். "போதும், நிறுத்தியாச்சு" என்று ஸ்டைலெட்டை (குழாய்க்குள் நுழையும் கம்பி) உள்ளே விட்டால் அந்த அரை மில்லியும் முள்ளெலும்புக்குள் போய்விடும். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கேள்வி (ஒரு மகள்): அம்மாவுக்கு 74 வயது டாக்டர். எந்தக் கருவி என்று மருத்துவரிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் சிமெண்ட் தேவையா என்று கேளுங்கள். 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் வைத்தவர்களுக்கும் வைப்பதுபோல் செய்து வைக்காமல் விட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. 2016இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு, முறிந்து ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு இருந்தவர்களுக்குப் பலன் உண்டு என்றது. அதனால் அம்மாவின் முறிவு புதியதா பழையதா என்று எம்.ஆர்.ஐ. பார்த்தார்களா என்பது முக்கியம். சிமெண்ட் அந்த ஒரு எலும்பைத்தான் தாங்கும், எலும்புப்புரைக்கான மருந்தை எப்போது தொடங்குவார்கள் என்பதையும் அதே சந்திப்பில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.