கொல்லையில் ஒரு சாயத்தொட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

மண்டபத்தில் வீட்டுக் கொல்லையில் வைத்துத்தான் பருத்தித் துணிக்குச் செடிச்சாயம் போடுகிறேன். பத்து நாளாகச் சேர்ந்த கேள்விகளுக்கு இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது.

தொண்டியிலிருந்து: அக்கா, மகன் சட்டைக்கு மஞ்சள் அரைத்துச் சாயம் போட்டேன். பளிச்சென்று வந்தது. துவைக்கச் சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

தப்பே இல்லை தங்கச்சி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதேதான். சோப்பில் இருக்கிற காரம் சுண்ணாம்பின் வேலையைச் செய்துவிட்டது. புளித்தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், மஞ்சள் திரும்பிவிடும். ஆனால் வெயில்பட்டால் சீக்கிரம் வெளுத்துப்போகும். நிற்கிற மஞ்சள் வேண்டுமென்றால் மாதுளை ஓடு, இல்லாவிட்டால் கோயில் மாலையில் வாடிக் கழிகிற செண்டிப்பூ.

கீழக்கரையிலிருந்து: பீட்ரூட் போட்டால் ரோஸ் நிறம் வருமா?

பொரியலில் வரும்.

ஏர்வாடியிலிருந்து: எதற்கெடுத்தாலும் கடுக்காய், கடுக்காய் என்கிறீர்களே. படிகாரம் மட்டும் போட்டால் போதாதா?

பட்டுக்குப் போதும். பருத்திக்குப் படிகாரம் அவ்வளவாக ஒட்டாது. நடுவில் கடுக்காயின் துவர்ப்பு வேண்டும். துவர்ப்பு நூலைப் பிடிக்கும், படிகாரம் துவர்ப்பைப் பிடிக்கும், சாயம் படிகாரத்தைப் பிடிக்கும்.

முதலில் துணியைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். கடையில் வாங்கிய வெள்ளைத் துணிதானே என்று இதை விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் டீ மாதிரி ஆவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அப்புறம் ஒரு கிலோ துணிக்கு, கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் இருநூறு கிராம். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் பிழிந்து, அலசாமல் அப்படியே காயப்போடுங்கள். துணி இளமஞ்சளாக, கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும். நான் ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வாய் துவர்த்தால் சரி. மறுநாள் வெந்நீரில் நூற்றைம்பது கிராம் படிகாரம் கரைத்து அதில் ஊறவைத்துக் காயவையுங்கள். சாயம் அதற்குப் பிறகுதான்.

பரமக்குடியிலிருந்து, நெசவுக் குடும்பம்: ராமேஸ்வரத்துச் சாயவேர் என்று எங்கள் பாட்டி சொல்வார். அது இப்போதும் இருக்கிறதா? நூலுக்குப் போடலாமா?

இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் இம்பூறல் என்று கேட்டால் தெரியும், இருமலில் ரத்தம் வந்தால் கொடுக்கிற மூலிகை. மணல் தரையில் பொடிப்பொடி வெள்ளைப் பூவோடு படர்ந்து கிடக்கும். குனிந்து தேடாவிட்டால் கண்ணில் படாது. சாயம் வேரின் தோலில் இருக்கிறது. வேரோ தையல் நூல் மொத்தம்தான். ஈர மணலிலிருந்து உருவி எடுத்தால் விரலில் ஆரஞ்சுக் கறை படியும். இரண்டு வருடச் செடியின் வேர்தான் நல்லது.

இந்தச் சிவப்புக்காகத்தான் சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனார்கள். வேரில் இருக்கிற அலிசரின் என்ற பொருளை ஜெர்மனியில் ஆலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1869-க்குப் பிறகு வேர் தோண்டும் தொழில் மெல்ல ஒடுங்கிவிட்டது.

நூலுக்குத் தாராளமாகப் போடலாம். நூல் எடைக்குச் சமமாக வேர்த்தூள் எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டை மெதுவாக ஏற்றுங்கள். கை வைத்தால் பொறுக்காத சூடு போதும், கொதி வரவே கூடாது. கொதித்தால் சிவப்பு செத்துத் தவிட்டு நிறமாகிவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள நம் கடலோரக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு மட்டும் வரம். குழம்புக்கு ஆகாத தண்ணீரில் சிவப்பு தூக்கலாக நிற்கும்! ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தேரி மணல்மேட்டில் கண்ட இடத்தில் எல்லாம் பிடுங்காதீர்கள். விதை தூவி ஒரு பாத்தி வளர்த்து எடுங்கள்.

சாயல்குடியிலிருந்து: கடையில் அவுரி இலை வாங்கி ஊறவைத்தேன். ஒரு வாரமாகியும் நீலம் வரவில்லை.

வராது ஐயா. நம் பக்கத்தில் பேதிக்குக் கொடுக்கிற நிலாவாரையையும் அவுரி என்றுதான் சொல்கிறார்கள், வயலில் போடுகிறவர்கள்கூட. உங்களுக்குக் கொடுத்தது அதுவாகத்தான் இருக்கும். சாயத்துக்கு வேண்டியது நீல அவுரி. காய்ந்த இலையோடு மல்லுக்கட்டாமல், அந்த இலையிலிருந்து எடுத்த நீலக்கட்டியாக வாங்கிவிடுங்கள். தொட்டியில் அதோடு சிப்பிச் சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை, உங்கள் ஊர்க் கருப்பட்டி சேர்த்து மூடி வையுங்கள். தினம் ஒருமுறை மெல்லக் கிளறினால் போதும். மேலே செம்புத் தகடு மாதிரி ஆடை கட்டி, அதை விலக்கினால் அடியில் பச்சை கலந்த மஞ்சள் தெரிந்தால் தொட்டி தயார். முக்கி எடுத்த துணி பச்சையாக வரும். காற்றுப்பட்டுக் கண்ணெதிரே நீலமாகும். இத்தனை வருடம் பார்த்தும் அந்த ஒரு நிமிடம் நான் வேறு வேலை பார்ப்பதில்லை.

பாம்பனிலிருந்து: கறுப்புக்குத் துருப்பிடித்த படகு ஆணி போடலாமா அக்கா?

போடலாம் தம்பி. ஆணியைக் கருப்பட்டித் தண்ணீரில் இரண்டு வாரம் புளிக்க விட்டு, வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாதாம் இலையிலோ கருவேலங்காயிலோ ஊறிய துணியை அதில் முக்கினால் சாம்பல், மறுபடி மறுபடி முக்கினால் கறுப்பு. ஆனால் அளவு மிஞ்சினால் இரும்பு பருத்தியை அரித்துவிடும், சட்டை மடிப்பில் கிழியும். எனக்கு இரும்பு கெடுதலாகவும் வந்திருக்கிறது. கடுக்காய் போட்ட எட்டு மீட்டர் துணியைத் துருப்பிடித்த வாளியில் இரவு வைத்துவிட்டேன். காலையில் முழுக்க ஊமத்தம்பூக் கறை போல ஊதா ஊதாவாகத் திட்டு. அன்றிலிருந்து பிளாஸ்டிக் வாளிதான்.

தேவிபட்டினத்திலிருந்து: அடுத்த வாரம் தங்கை கல்யாணம். ஐந்து சட்டைக்கு ஒரே மாதிரி நீலம் வேண்டும், என்ன செய்ய?

இந்தக் கல்யாணத்துக்குக் கடையில் எடுத்துவிடுங்கள் தம்பி. வளைகாப்புக்கு வேண்டுமானால் இன்றே தொட்டி போட்டு வையுங்கள்.